விற்பதற்கு முன் எடுக்க வேண்டியவை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் என் பேச்சு எதையுமே நம்ப மாட்டீர்கள்.

நான் அந்த வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தவன். விற்பதற்கு முன் வீட்டில் எதையெதைச் சரிபண்ணலாம், எதையெதை எடுத்துவிடலாம் என்று பார்க்க வந்த தரகர், எடுக்க வேண்டியவற்றில் முதலாவதாக என்னைச் சொன்னார். மொட்டை மாடியில் உடைந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிகூட எனக்குப் பிறகுதான்.

கோபம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. புத்தகங்களை மறுபடி பெட்டியில் அடுக்க வேண்டுமே என்கிற அலுப்பு.

செய்தியைச் சொல்ல சிஸ்டர்தான் மாடிப்படி ஏறி வந்தார். ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவருடைய கணவர் எல்லோருக்கும் மாஸ்டர்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. குடியிருக்க ஆள் இருந்தா வாங்குறவங்க யோசிப்பாங்களாம்."

"எப்ப காலி பண்ணணும் சிஸ்டர்?"

"வேற வீடு கிடைச்சதும் போனாப் போதும்." கொஞ்சம் நின்று, "சீக்கிரம் கிடைச்சா நல்லது" என்றார்.

அந்தச் 'சீக்கிரம்' எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. என்னைத் துரத்துகிறார் என்றுதான் நினைத்தேன். அதன்பிறகு வேலை முடிந்த மதியங்களில் மேலே வந்து, நான் மூட்டை கட்டுவதற்கு ஒத்தாசை செய்வார். நோயாளிகளின் படுக்கை விரிப்பை மடித்துப் பழகிய கைகள். என் சட்டைகளை அவர் மடித்ததுபோல் கடைக்காரர்கூட மடித்துக் கொடுத்ததில்லை. மடித்துக்கொண்டே பேசுவார்.

அவர் சொன்னது கொஞ்சம், மாடியிலிருந்து நானே கேட்டது கொஞ்சம், மிச்சம் என் கற்பனை. எது எது என்று முடிந்த இடத்தில் சொல்கிறேன். அலுப்பாக இருந்தால் விட்டுவிடுவேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"வீட்டை விற்பதென்று முடிவான அன்று காலை, சிஸ்டர் தோட்டத்துக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு—"

வேண்டாம். அங்கே தோட்டமே கிடையாது. அழகாக இருக்கட்டுமே என்று கை தானாகப் போட்டுக்கொண்ட தோட்டம் அது.

இரண்டாவது முயற்சி:

"மாஸ்டருக்கு எதிலும் பிடிவாதம். அதனால் அந்த வீட்டில்—"

இதுவும் வேண்டாம். ஒரு ஆளைப் பிடிவாதக்காரர் என்று எழுதிவிட்டால் பிறகு எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். அவர் என்ன செய்தாலும் பிடிவாதத்தின் தலையில் போட்டுவிடலாம். மாஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லை. சிரித்துப் பேசுகிறவர். பழகப் பழக விட்டுக்கொடுக்கிறவர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும்தான் பிடி கொடுக்காமல் இருந்தார்.

மூன்றாவது:

"கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு படி இருந்தது."

இது நிற்கட்டும். இது உண்மை. வீட்டைக் கட்டிச் சில வருடங்கள் கழித்துச் சமையலறையைப் பின்னால் தள்ளி நீட்டியிருக்கிறார்கள். தரைமட்டம் சேரவில்லை. கொத்தனார் ஒரு படி வைத்துச் சமாளித்துவிட்டார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதில் ஒருமுறை தடுக்கியிருக்கிறார்கள், நான் உட்பட. வீட்டுக்காரர்கள் இருவரும் பார்க்காமலே கால் தூக்குவார்கள்.

3

தரகர் நாற்பது வயதுப் பெண்மணி. நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுப் படி ஏறி இறங்குகிற கால் வலியோடு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்றார். அறை அறையாகப் போனார். சிஸ்டர் கூடவே போனார்.

"சமையலறையைத் தொடவே தொடாதீங்க. நீங்க ஆசையா டைல்ஸ் போடுவீங்க. வாங்குறவங்க முதல் வேலையா அதைத்தான் உடைப்பாங்க. அவங்கவங்க கை வாகுக்குத்தான் அவங்கவங்களுக்குச் சமையலறை வேணும்."

"சரி."

"குளியலறைக்கும் அதேதான். ஒழுகுற குழாயை மட்டும் மாத்துங்க. வாசல் பக்கம் பெயிண்ட் அடிங்க, கேட்டுக்கும் சேர்த்து. உள்ளே வேண்டாம், நல்லாக் கழுவித் துடைச்சாப் போதும். பல்பு எல்லாம் பெருசாப் போடுங்க."

படுக்கையறைச் சுவரில் ஈரம் பூத்திருந்தது. தரகர் கையை வைத்துப் பார்த்தார்.

"இதை மட்டும் பெயிண்ட் அடிச்சு மறைச்சுடாதீங்க மேடம். தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு பாத்து அடைங்க. ஒண்ணை மறைச்சது தெரிஞ்சாப் போச்சு, மத்ததையெல்லாம் சந்தேகப்படுவாங்க."

(இந்த இடத்தில் சிஸ்டர் முகம் மாறியது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை. ஆனால் மாறியிருக்கும்.)

"எல்லாம் முடிக்க எத்தனை நாளாகும்?" என்றார் சிஸ்டர். என்ன செலவாகும் என்று அவர் கேட்கவே இல்லை. தரகருக்கே ஆச்சரியம். ஒவ்வொரு வேலைக்கும் நாளைத்தான் கேட்டார். நாள் அதிகம் பிடிக்கிற வேலையென்றால், "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டார்.

நடையில் ஒரு மர அலமாரி நின்றது. விரிப்பும் துவாலையும் வைக்கிற அலமாரி. "இதை எடுத்துடுங்க. நடை குறுகலாத் தெரியுது" என்றார் தரகர். பிறகு சமையலறைக்குப் போகும்போது அவரும் அந்தப் படியில் தடுக்கினார்.

"இது கட்டாயம் போகணும் மேடம். வயசானவங்க இருக்கிற குடும்பம் இதைப் பாத்தாலே பின்வாங்கிடும்."

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாஸ்டர் சிரித்தார். "இத்தனை வருஷத்துல அதுல விழுந்து யாரும் சாகல அம்மா."

"செத்தா விக்கவே முடியாது சார்" என்றார் தரகர்.

மாஸ்டருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது. அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

4

இப்போது மாஸ்டரின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைக் கடைசியில் உடைத்துச் சொன்னால் கதைக்கு விறுவிறுப்பு வரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்களை ஏமாற்ற எனக்குத் தெம்பு இல்லை.

அவருக்குப் பக்கப் பார்வை போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய். நேரே பார்ப்பது தெரியும். செய்தித்தாளின் பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். காலடியில் படுத்திருக்கும் பூனை தெரியாது. ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பதுபோல என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. காலையும் மாலையும் அவர் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கொடுப்பார். சிஸ்டர் இமையை விலக்கி மருந்து விடுவார்.

காலை மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் காரை எடுத்துக்கொண்டு கற்றுக்கொடுக்கப் போய்விடுவார்.

ஆமாம். அதுதான் விஷயம்.

சிஸ்டர் கேட்காமல் இல்லை. அழுதும் பார்த்திருக்கிறார், சாப்பிடாமல் இருந்தும் பார்த்திருக்கிறார்.

"ஓட்டுறது அவங்க, நான் இல்லை. ரோட்டைப் பாக்க அவங்க கண்ணு இருக்கு. என் பக்கமும் பிரேக் இருக்கு. இஞ்சின் சத்தத்தை வச்சே ஆள் என்ன பண்ணப்போறான்னு சொல்லிடுவேன்."

"குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தா?"

மாஸ்டர் கார் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். "வீட்டை வித்துட்டுப் பொண்ணு ஊருக்குப் போறோம்ல. போனதும் விட்டுடுறேன். அதுவரைக்கும் வெளியே சொல்லாதே. மாஸ்டராவே இந்தத் தெருவை விட்டுப் போறேன்" என்றார்.

சிஸ்டர் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீடு விற்கிற நாள்தான் அவர் காரை விட்டு இறங்குகிற நாள். டைல்ஸ் பதிக்க ஒரு வாரம் என்று கொத்தனார் சொன்னால், சிஸ்டர் காதில் அது இன்னும் ஒரு வாரம் கார் ரோட்டில் ஓடும் என்று விழும். எது செய்தால் வீட்டுக்கு மதிப்பு கூடும் என்று எல்லோரும் கணக்குப் போடுவார்கள். இவர், அந்த வேலை முடிவதற்குள் யார் அடிபடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

(மகளுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அவ கத்துவா தம்பி. அவர் இன்னும் இறுகிப்போவார்" என்றார்.)

5

குழாய் மாறியது. கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். ஈரம் மொட்டை மாடியில் ஒரு வெடிப்பு வழியாக வருவதைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். அலமாரியைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டு போனார். மாஸ்டர் வெளியே போயிருந்த ஒரு காலையில் கொத்தனார் வந்து படியை உடைத்தார். சமையலறைத் தரையிலிருந்து கூடத்துக்கு லேசான சரிவு வைத்துப் பூசி, காயும்வரை நடக்க மேலே ஒரு பலகை போட்டுவிட்டுப் போனார். பூச்சு காய்ந்த பிறகுதான் பார்த்தேன். கேரம் பலகைபோல வழுவழுவென்று இருந்தது.

மாஸ்டர் வந்து அதன்மேல் முதல் தடவை நடந்ததைச் சிஸ்டர் எனக்குச் சொன்னார்.

கால் வழக்கம்போல உயர்ந்தது. படி இல்லை. உயர்ந்த கால் காற்றில் ஒரு கணம் நின்று, பிறகு தொப்பென்று பலகையில் இறங்கியது. உடம்பு முழுக்க ஒரு உலுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உடைச்சாச்சா?"

"தரகர் சொன்னாங்கல்ல."

"நல்லாத்தான் இருக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப்பின் குளியலறைக்குப் போகும்போது அவருடைய கை நடைச் சுவரில் எதையோ தேடுவதைச் சிஸ்டர் கவனித்தார். அலமாரியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே போவது அவர் வழக்கம். இத்தனை நாள் இருவருமே அதை வழக்கம் என்றுதான் நினைத்திருந்தார்கள். அந்த வீடு அவருக்குப் பாதிக் கண்ணாக இருந்திருக்கிறது. அதைத்தான் தரகர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

6

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு நாலைந்து நாள் சும்மா இருந்தேன். சிஸ்டர்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நாள் பிடிக்கிற வேலையை எல்லாம் தள்ளியவர். பூச்சு காய்வதற்கே நாளாகும் என்று தெரிந்தும் படியை ஏன் உடைத்தார்? தரகர் சொன்னதாலா? அல்லது, மாஸ்டர் தடுமாறட்டும், நாலு பேர் முன்னால் தடுமாறட்டும், நான் வாய் திறக்காமலே விஷயம் வெளியே வரட்டும் என்றா?

கேட்டுவிட்டேன். போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரியில சொல்றது டாக்டர் வேலை தம்பி. கட்டி இருக்கு, கால் எடுக்கணும், பொழைக்க மாட்டார், எல்லாம் அவங்கதான் சொல்வாங்க. சொல்லிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் பக்கத்துல நிக்கிறது எங்க வேலை. வாழ்க்கை முழுக்க நின்னே பழகிட்டேன். எனக்குச் சொல்லத் தெரியாது."

இது என் கேள்விக்குப் பதில் இல்லை. பதில்தான் என்றும் தோன்றுகிறது. நான் முடிவு செய்யவில்லை. ஒரு மனுஷிக்கு ஒரே வேலைக்கு இரண்டு காரணம் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

7

வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவர். மனைவி தையற்கடை வைத்திருப்பவர், எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவெடுப்பவர். நடை வெறிச்சென்று இருக்கிறதே என்று தரகர் தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய மண்தொட்டியை, ஆள் உயரச் செடியோடு, கொண்டுவந்து அலமாரி இருந்த இடத்தில் வைத்திருந்தார். மாஸ்டர் அப்போது வெளியே இருந்தார். அவர் உள்ளே வரவும் தம்பதி வரவும் சரியாக இருந்தது.

(தொட்டி இருப்பதைச் சொல்லச் சிஸ்டருக்கு ஒரு நிமிஷம் இருந்ததா? "இல்லை" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை.)

மாஸ்டர் தானே வீட்டைச் சுற்றிக் காட்டினார். அன்று அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தாராம். காற்று எந்த ஜன்னல் வழியாக வரும், மழைக்கு எந்தக் கதவு உப்பும், எல்லாம் சொன்னார். படி இருந்த இடத்தில் கால் தூக்காமல் கடந்தார். அதற்குள் பழகிக்கொண்டிருந்தார். "இப்படி வாங்க, குளியலறையைக் காட்டுறேன்" என்று அவர்களைப் பார்த்துக்கொண்டே திரும்பி, ஓரத்திலிருந்த தொட்டிமேல் மோதினார்.

அந்தச் சத்தத்தை மட்டும் நான் மாடியில் கேட்டேன்.

தொட்டி உடைந்து நடை முழுக்க மண். மாஸ்டர் ஒரு முழங்காலை ஊன்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். தபால்காரர் ஓடிவந்து தூக்கினார்.

"புதுசா வச்சிருக்காங்க. பேச்சு சுவாரஸ்யத்துல கவனிக்கல" என்று மாஸ்டர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் மண்ணைக் கூட்டுவதற்குக் குனிந்தார்.

அதோடு முடிந்திருக்கும். தையற்காரம்மா, பேச்சை மாற்றுகிற நல்ல எண்ணத்தில், "எங்க பொண்ணு உங்ககிட்டதான் சார் கார் கத்துக்கிறா. நாளைக்குப் பெரிய ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களாமே. ஒரே பயம் அவளுக்கு. மாஸ்டர் பக்கத்துல இருக்கிறப்ப உனக்கென்ன பயம்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

சிஸ்டர் கூட்டுவதை நிறுத்தினார்.

"நாளைக்கு அவர் வரமாட்டார்."

"ஏன்?" என்று கேட்டது மாஸ்டர்தான்.

சிஸ்டர் நிமிர்ந்தார். கையில் விளக்குமாறு. அவரைப் பார்க்காமல் அந்தம்மாவைப் பார்த்துச் சொன்னார். "இவருக்குப் பக்கவாட்டுல வர்றது எதுவும் தெரியாதும்மா. கண்ணு போயிட்டிருக்கு. இனிமே யாருக்கும் கத்துக்கொடுக்க மாட்டார்."

தரகர் கூரையைப் பார்த்தார். தபால்காரர் இன்னும் மாஸ்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், விடுவதா வேண்டாமா என்று தெரியாமல்.

மாஸ்டர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அந்தம்மாவிடம், "பொண்ணுகிட்ட சொல்லுங்க. கிளட்ச் மேலேயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுறா. அந்தப் பழக்கத்தை விடணும். மத்தபடி நல்லா ஓட்டுவா" என்றார். பிறகு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

8

வீட்டை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். பெயிண்டுக்காகவோ பல்புக்காகவோ இல்லை. தையற்கடையிலிருந்து நடந்துவரும் தூரம், அவ்வளவுதான். தரகர் இதைச் சொல்லும்போது அவர் முகத்திலும் அலுப்பு தெரிந்தது.

கற்றுக்கொடுக்கும் காரின் பலகையை மாஸ்டர் அன்றே கழற்றிவிட்டார். சிஸ்டரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். காலையும் மாலையும் மருந்துக்கு மட்டும் தலையைச் சாய்த்துக் கொடுப்பார். மருந்து இறங்கும்வரை இருவர் முகமும் அவ்வளவு கிட்டத்தில் இருக்கும். பேச்சு கிடையாது. "முன்னெல்லாம் வலிக்குதுன்னாவது சொல்வார்" என்றார் சிஸ்டர்.

முடிவு இனிமேல்தான். எழுதிப் பார்த்தவை:

ஒன்று. ஒரு நாள் மாஸ்டர், "நீ சொன்னது நல்லதுதான்" என்கிறார். அடித்துவிட்டேன். சொன்னாலும் சிஸ்டரே நம்ப மாட்டார்.

இன்னொன்று. அந்தப் பெண் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு காரில் வந்து வாசலில் நிறுத்துகிறாள். கிளட்சில் கால் இல்லை. இதை எழுதிவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

சிஸ்டர் பண்ணியது துரோகம் என்று ஒருவரும், இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததுதான் குற்றம் என்று ஒருவரும் பேசிக்கொள்வதாக ஒரு—

வேண்டாம். களைத்துவிட்டேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் காலி பண்ணிய காலை. சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. டிரைவர் கயிறு இறுக்கிவிட்டு எதிர்ப்புறக் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தான். சிஸ்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கேட் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன்.

மாஸ்டர் உள்ளேயிருந்து வந்தார். சிஸ்டருக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி நின்றார். வண்டியை நேராகப் பார்த்தார். பிறகு, வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், சிஸ்டரிடம் கேட்டார்:

"மாடித் தம்பி எங்க? போயிட்டாரா? சொல்லிக்காம போயிட்டாரா?"

தொட்டி உடைந்த அன்றைக்கு அப்புறம் அவர் சிஸ்டரிடம் பேசிய முதல் பேச்சு. எத்தனை நாள் காத்திருந்து வந்த பேச்சு என்று சிஸ்டரின் முகத்தில் தெரிந்தது. நான் கை நீட்டினால் அவர் தோளில் படும்.

"இதோ நிக்கிறாரே" என்று சிஸ்டர் சொன்னால், அது அவர் கண்ணைப் பற்றி இன்னொரு தடவை நாலு பேருக்குச் சொன்னது மாதிரி. "போயிட்டார்" என்றால் பொய். நானே பேசிவிட்டால், அவர் கேள்வி கேட்டது சிஸ்டரிடம், பதில் என்னிடமிருந்து. அந்த ஒற்றை நூலும் அறுந்துபோகலாம். பேசாமல் நழுவினாலோ—

சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

நான் என்ன செய்தேன் என்பதை எழுதப்போவதில்லை. சரியாகத்தான் செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். தூண் பெயிண்ட் காய்ந்துவிட்டது, சாய்ந்துகொள்ளலாம். அவர் இன்னும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிஸ்டர் உங்களைப் பார்க்கிறார்.